பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு பென்சில்

முதல் நாள் காட்சியிலேயே ஒரு நல்ல சிரிப்பைக் கெடுத்துவிட்டேன்.

'தி பைரட்ஸ் ஆஃப் பென்ஸன்ஸ்' என்ற ஆங்கில இசை நகைச்சுவை நாடகம். மேடையில் ஃபிரெடரிக் நிற்கிறான். கடற்கொள்ளையர் கப்பலில் வளர்ந்த பிள்ளை. எட்டு வயதிலிருந்து, வளர்த்த தாதி ரூத்தைத் தவிர வேறு பெண் முகத்தையே பார்க்காதவன். அவளுக்கு வயது 47. அவனையே மணந்துகொள்ளவும் ஆசை. "மற்ற பெண்களோடு ஒப்பிட்டால் நீ அழகியா?" என்று கேட்கிறான். அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்கிறாள். "அண்மையிலா?" என்கிறான். ரூத் வாய் திறக்கவில்லை. ஒரு வினாடி. இரண்டு வினாடி. மூன்று. வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க, பக்கத்திரைக்குப் பின்னால் நீலத்தாள் சுற்றிய விளக்கின் கீழ் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துவிட்டது. மறந்துவிட்டார் என்று முடிவு செய்து, அவருடைய வசனத்தை எடுத்துக் கொடுத்தேன்: இல்லை, அது பல வருடங்களுக்கு முன்பு. கொடுத்த குரல் முதல் மூன்று வரிசைக்குக் கேட்டது. எட்டு வினாடி இழுத்துப் பிடித்து ரூத் வெடிக்க வைத்திருந்த வெடி, புதுக்கோட்டை உச்சரிப்பில் திரைக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று போயிற்று.

இடைவேளையில் ரூத்தாக நடித்தவர் தேநீர்க் கோப்பையோடு என் மூலைக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. "மி டக்," என்றார். 'டக்' என்றால் வாத்துதான். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பஸ் ஓட்டுநர் முதல் காய்கறிக் கடைக்காரர் வரை அன்பாகப் பேசும் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். "மி டக், அந்த மௌனம் என்னுடையது. ஆறு மாதமாக அதை வளர்த்துக்கொண்டிருந்தேன்." கோபமே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ஒரு பழைய இசை நகைச்சுவை நாடகத்தைத் திரும்ப மேடையேற்றுவதில் என்னென்ன சிக்கல் என்று என்னைக் கேட்டால், உடை, இசைக்குழு, பணம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன்: எந்த மௌனம் மறதி, எந்த மௌனம் நகைச்சுவை என்று கண்டுபிடிப்பது. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டுமே வெற்றிடம்.

நான் இதில் மாட்டிக்கொண்டது தற்செயல். கணக்கு எழுதிப் பிழைக்கிறேன், பாட வராது, ஆட வராது. அடுத்த வீட்டுக்காரர் எங்கள் ஊர் அமெச்சூர் இசை நாடகக் குழுவில் போலீஸ்காரராக நடிக்கிறவர். "பிராம்ப்ட் கொடுக்க ஆளில்லை, உனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமே, அது போதும்" என்று செப்டம்பர் மாதம் இழுத்துக்கொண்டு போனார். ஒத்திகை மெதடிஸ்ட் தேவாலயத்தின் கூடத்தில், வாரம் இரண்டு மாலை. போன பிறகுதான் தெரிந்தது, இங்கே நடிக்கிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை என்பது மட்டுமல்ல, நடிப்பதற்கு அவர்களே ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். கட்டிவிட்டு நாற்காலியும் அடுக்குகிறார்கள்.

எனக்கு இது வியப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். விடியும்வரை வள்ளி திருமணம் நடக்கும். யாராவது தடுமாறினால் ஆர்மோனியக்காரர் ஒரு சுற்று வாசித்துச் சமாளித்துவிடுவார். பிராம்ப்டர் என்று ஒரு ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த நான், இரண்டரை மணி நேர நாடகத்துக்கு ஆறு மாதம் ஒத்திகை பார்க்கிறவர்களிடம் வந்து சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்க, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாடகம், கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த 'தி பைரட்ஸ் ஆஃப் பென்ஸன்ஸ்'. எதை எடுப்பது என்ற பேச்சு வந்தபோது குழுவில் பாதிப் பேர் அதே இருவரின் 'மிகாடோ'வைக் கேட்டார்கள். அது ஜப்பானில் நடப்பதாக எழுதப்பட்டது. வெள்ளைக்காரர்கள் கண்ணை இழுத்து வரைந்துகொண்டு ஜப்பானியராக நடிப்பது இப்போது பலருக்கு உறுத்துகிறது. 2015இல் நியூயார்க்கில் ஒரு குழு எதிர்ப்பு வந்ததும் அறிவித்திருந்த 'மிகாடோ'வையே கைவிட்டது. கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்ததும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அறையில் வெள்ளைத் தோல் இல்லாத ஒரே ஆள் நான். ஜப்பானைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அதைவிட எனக்கு ஒரு துளியும் கூடத் தெரியாது. அதைச் சொன்னேன். ஒரு கணம் சங்கடமான அமைதி, பிறகு தேநீர் வந்தது, கடற்கொள்ளையர் வென்றார்கள்.

பணமும் ஒரு காரணம். கில்பர்ட் 1911இல் இறந்தார். ஐம்பது ஆண்டுக் காப்புரிமை 1961 முடிவோடு தீர்ந்துபோயிற்று. மூல வடிவத்தை இன்று யாருக்கும் உரிமைத்தொகை கட்டாமல் ஆடலாம். 1980இல் தயாரிப்பாளர் ஜோசஃப் பாப் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடிகர் கெவின் கிளைனையும் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டையும் வைத்துப் புதுப்பித்தாரே, பிராட்வேயில் 787 காட்சிகள் ஓடியதே, அந்த இசை வடிவம் வேண்டுமென்றால் தனி அனுமதி, தனிக் கட்டணம். எங்களில் இளைஞர்கள் அதைத்தான் கேட்டார்கள். பொருளாளர் கணக்கைக் காட்டியதும் மூல வடிவத்தின் தூய்மை எல்லோருக்கும் திடீரென்று பிடித்துப்போயிற்று. பழைய நாடகம் எடுக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்: நாடகம் பழையதாக இருக்கலாம், கையில் வந்து சேரும் இசைத்தாள் புதிதாக இருக்கலாம். அட்டையில் இருக்கும் பெயரை நம்பாமல், யார் எப்போது இசைக்கோர்வை செய்தார்கள் என்று உள்ளே புரட்டிப் பாருங்கள்.

இந்த நாடகத்தின் பிறப்பே காப்புரிமைச் சண்டையில்தான். இவர்களின் முந்தைய வெற்றியான 'எச்.எம்.எஸ். பினஃபோர்' அமெரிக்காவில் காசு கொடுக்காமல் ஊரெல்லாம் ஆடப்பட்டது. அந்தக் கொள்ளைக்குப் பதிலடியாக, அடுத்த நாடகத்தை 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே அரங்கேற்றினார்கள். அதற்குக் கொள்ளையர் என்றே பெயர் வைத்ததில் ஒரு குத்தல் இருக்கத்தான் செய்கிறது. சல்லிவன் முதல் அங்கத்துக்குப் போட்டு வைத்திருந்த இசைக் குறிப்புகளை லண்டனிலேயே மறந்து வைத்துவிட்டுக் கப்பலேறினார். நியூயார்க் ஓட்டல் அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பிரிட்டனில் உரிமையைக் காப்பாற்ற, நியூயார்க் அரங்கேற்றத்துக்கு முதல் நாள் டெவனில் உள்ள பெய்ன்டன் என்ற சிற்றூரில் பெயருக்கு ஒரு காட்சி. பக்கத்து ஊரான டார்கீயில் 'பினஃபோர்' ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒரே ஓர் ஒத்திகையோடு கூட்டி வந்தார்கள். இருந்த உடையிலேயே, கையில் தாளை வைத்துப் படித்துக்கொண்டே நடித்தார்கள்.

இதைக் கேட்ட நாள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த நாடகத்தை உலகில் முதன்முதலாக ஆடியவர்களுக்கே வசனம் தெரியவில்லை. இசையமைத்தவரே பாட்டை ஊரில் மறந்து வைத்துவிட்டு வந்தார். என் தொழிலுக்கு இதைவிட நல்ல மூதாதையர் யார் இருக்கிறார்கள்?

கதையே காதில் விழுந்த பிழையிலிருந்து தொடங்குகிறது. பையனைக் கப்பல் வழிகாட்டியிடம், அதாவது 'பைலட்'டிடம், தொழில் பழகச் சேர்க்கும்படி ரூத்திடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் காதில் 'பைரட்' என்று விழுந்தது, கடற்கொள்ளையரிடம் சேர்த்துவிட்டாள். ஒப்பந்தம் அவனுடைய 21ஆவது பிறந்தநாள் வரை. 21 வயது நிறைந்ததும் விடுதலை என்று கிளம்புகிறான். அவன் பிறந்ததோ பிப்ரவரி 29. ஒப்பந்தத்தில் இருப்பது வயது அல்ல, பிறந்தநாள். ஆகவே 1940 வரை கொள்ளையனாக இருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனாகிய நான் இதைச் சரிபார்க்காமல் விடுவேனா? 1900 லீப் ஆண்டு அல்ல. அதைக் கழித்துவிட்டால் அவன் 1852இல் பிறந்தவன், கதை 1873இல் நடக்கிறது. கில்பர்ட் அதைக் கவனிக்கவில்லை என்று வைத்தால் 1856, 1877. ஒத்திகையில் இதை விளக்கத் தொடங்கினேன். இயக்குநர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

ஆனால் அந்தத் தேதி எங்களுக்கு உதவியது. எங்கள் காட்சிகள் 2024 பிப்ரவரி 27 செவ்வாய் முதல் மார்ச் 2 சனிவரை, சனிக்கிழமை இரண்டு காட்சி, ஆக ஆறு. வியாழக்கிழமை பிப்ரவரி 29. அன்று பிறந்தவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்று நூலகத்திலும் கடைத்தெருவிலும் சீட்டு ஒட்டினோம். ஒருவர்தான் வந்தார். 1948இல் பிறந்தவர், தன் 19ஆவது பிறந்தநாளைக் கொண்டாட மகள், பேரன், பேத்தி, அவர்களுடைய நண்பர்கள் என்று பதினோரு பேரைக் காசு கொடுக்க வைத்துக் கூட்டிவந்தார். விளம்பரத்துக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நாடகத்துக்குள்ளேயே இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தனியாக எதையும் ஜோடிக்க வேண்டியதில்லை.

இனி, செத்துப்போன நகைச்சுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் அங்கத்தின் பிற்பகுதியில் ஒரு நீண்ட சிலேடை வருகிறது. கொள்ளையர்கள் அனாதைகளை ஒன்றும் செய்யமாட்டார்கள், அவர்களே அனாதைகள். அது தெரிந்த மேஜர்-ஜெனரல் ஸ்டான்லி, நானும் ஓர் அனாதை என்று பொய் சொல்லித் தப்புகிறார். அனாதை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்ஃபன்'. அடிக்கடி என்பதற்கு 'ஆஃபன்'. அந்தக் காலத்து மேட்டுக்குடி வாயில் இரண்டும் ஒரே ஒலி. நீ சொன்னது அனாதையா, அடிக்கடியா என்று ஒரு பக்கத்துக்குக் குழம்புவார்கள். 1880இல் லண்டன் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். இன்றைக்கு டெர்பிஷயரில் அந்த இரண்டு சொற்களும் நெல்லும் நொய்யும் போலத் தனித்தனி. கேட்பவருக்கு மேடையில் எல்லோருக்கும் திடீரென்று காது செவிடாகிவிட்டது போலத்தான் தோன்றும்.

வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். நிகழ்ச்சிக் கையேட்டில் குறிப்பு எழுதலாம் என்றார் இன்னொருவர். குறிப்பு எழுதிச் சிரிக்க வைத்த நகைச்சுவை எதையும் நான் கண்டதில்லை. பள்ளியில் காளமேகத்தின் சிலேடையைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லி நடத்தினார்களே, வகுப்பில் யாராவது சிரித்தோமா? வியந்தோம், அவ்வளவுதான். கடைசியில் இயக்குநர் கண்டுபிடித்த வழி எளிமையானது. நாடகம் தொடங்கும் முன் கைபேசியை அணைக்கச் சொல்லும் அறிவிப்பு ஒன்று உண்டல்லவா? அதை மேஜர்-ஜெனரலாக நடித்தவரையே பழைய பிரபுக்களின் உச்சரிப்பில் பேசவைத்தார். 'ஆஃப்' என்பதை 'ஆர்ஃப்' என்று இழுத்து, தயவுசெய்து 'ஸ்விட்ச் ஆர்ஃப்' என்று மூன்று முறை. முதல் முறை ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது முறை அரங்கமே சிரித்தது. முக்கால் மணி நேரம் கழித்து 'ஆர்ஃபன்' வந்தபோது காது ஏற்கெனவே பழகியிருந்தது. சிலேடையில் பாதியை வெட்டினோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சப் பாதி பிழைத்தது.

இதே போல் இன்னொரு இடம். இரண்டாம் அங்கத்தில் கொள்ளையர்கள் பூனைபோல் சத்தமில்லாமல் வருகிறோம் என்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டே திடுதிடுவென்று மிதித்து வருவார்கள். எங்கள் மேடை வெறும் பலகை. உள்ளே குடம் மாதிரி காலி. பதினாறு பேர் பூட்ஸ் காலோடு இறங்கியபோது பாட்டில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. சத்தமில்லாமல் வருகிறோம் என்று அவர்கள் பாடுவது கேட்டால்தானே மிதிப்பது சிரிப்பு? பலகைக்கடியில் பழைய கம்பளத்தைத் திணித்துப் பார்த்தோம். சத்தம் குறைந்தது, கூடவே வேடிக்கையும் குறைந்தது. பிறகுதான் இசை நடத்துநர் இசைத்தாளைக் காட்டினார். சொற்களுக்கிடையே இசைக்குழு ஓங்கி அடிக்கும் இடைவெளி அதிலேயே இருக்கிறது. அந்த அடியில் மட்டும் காலை வையுங்கள், சொல் வரும்போது காலைத் தூக்கியே வைத்திருங்கள் என்றார். கம்பளத்தை உருவி எறிந்தோம். சல்லிவன் வைத்த இடத்தில் காலை வைத்ததும் எல்லாம் கேட்டது.

அந்த இசை நடத்துநர் ஒவ்வொரு ஒத்திகையையும் ஒரே விதமாகத் தொடங்குவார். பத்து நிமிடம் ராகமில்லாமல், குரலே இல்லாமல், வெறும் காற்றில் வரிகளை எல்லோரும் கிசுகிசுக்க வேண்டும். அவர் கூடத்தின் கடைசியில் முதுகைக் காட்டி நிற்பார். புரியாத சொல் வந்தால் கையைத் தூக்குவார். மெய்யெழுத்து விழுங்குகிறவர்கள் உடனே அகப்பட்டுவிடுவார்கள். கோரஸ் பாடும் எவருக்கும், எந்த மொழிக்காரருக்கும், நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் பயிற்சி இது ஒன்றுதான்.

என் வேலைக்கு வருகிறேன். முதல் நாள் அவமானத்துக்குப் பிறகு இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து பிரதி முழுவதையும் புதிதாகக் குறித்தேன். பென்சிலால்தான், பேனாவைத் தொடவே கூடாது என்று முதல் வாரமே மேடை மேலாளர் சொல்லியிருந்தார். நடிகர் வேண்டுமென்றே நிறுத்தும் இடத்துக்கு ஒரு பிறை. பார்வையாளர் சிரித்து முடிக்கக் காத்திருக்கும் இடத்துக்கு ஒரு வட்டம். இரண்டும் வேறு வேறு: பிறை நடிகருக்குச் சொந்தம், வட்டம் அரங்கத்துக்குச் சொந்தம், அதன் நீளம் ஒவ்வொரு நாளும் மாறும். குறியே இல்லாத இடத்தில் அமைதி விழுந்தால் அது எனக்குச் சொந்தம்.

மறு நாள் மாலை ஒவ்வொருவரிடமும் போய், நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். இதைச் செப்டம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும். ரூத் தன் எட்டு வினாடியைத் தானே பிரதியில் வரைந்து கொடுத்தார். பிறை இல்லை, முழுநிலா. ஃபிரெடரிக் தனக்கு நிறுத்தமே கிடையாது என்றான். அவன் சொன்னது உண்மை. ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி பேசுவான்.

எடுத்துக் கொடுப்பதிலும் எனக்கு முதலில் ஒன்றும் தெரியாது. வரியை முதலிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். 'ஆனால்', 'அப்படியென்றால்' என்று தொடங்கும் வரியில் அந்த முதல் சொல்லால் யாருக்கு என்ன பயன்? மறந்தவனுக்கு அது இன்னும் பெரிய குழி. சேக்கிழாருக்குத் தில்லை நடராசர் அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள்: 'உலகெலாம்' என்று ஒரே சொல். மீதி நாலாயிரம் பாடலையும் அவரே பார்த்துக்கொண்டார். அந்த முறைதான் சரி. வரியில் எது கனமான சொல்லோ, பெயரோ பொருளோ, அதை மட்டும் தெளிவாக ஒருமுறை கொடுக்க வேண்டும். இரண்டாவது முறை கொடுக்க நேர்ந்தால் அரங்கத்துக்கே கேட்டுவிடும், அதற்கு முதல்முறையே கொஞ்சம் சத்தமாகக் கொடுத்துவிடலாம். என் உச்சரிப்பு புரியுமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. 'வ'கரத்தில் எனக்கு இரண்டு வகை கிடையாது, அவர்களுக்கு உண்டு. பெயர்ச்சொல்லைக் கொடுக்கத் தொடங்கியதும் அந்தக் கவலையும் போயிற்று. முழு வரியில் தடுமாறும் நாக்கு ஒற்றைச் சொல்லில் தடுமாறுவதில்லை.

பாட்டில் மறந்தவருக்கு ஒன்றும் செய்ய முடியாது. இசைக்குழு யாருக்காகவும் நிற்காது. அடுத்த அடியின் தலைச்சொல்லை முன்கூட்டியே உதட்டில் காட்டலாம், அவ்வளவே. மேலும் ஒன்று: காலைப் பாருங்கள். வாயைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் நல்ல நடிகர் மறந்த பிறகும் வாயில் புன்னகையை வைத்திருப்பார். நிறுத்தத்தில் நிற்பவரின் பாதம் பலகையில் ஊன்றி நிற்கும். மறந்தவரின் குதிகால் லேசாக எழும்பும், எங்காவது ஓடிவிடத் தயாராக. ஒத்திகைக்கெல்லாம் வராமல் கடைசி வாரம் மட்டும் வந்து உட்காரும் பிராம்ப்டருக்கு இது எதுவும் பிடிபடாது. (உடை ஒத்திகைக்கு நான் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன். எல்லோரும் விரும்பித் தின்றார்கள். கதாநாயகி மேபலின் காதல் பாட்டின்போது இரு பக்கத்திரைகளுக்குப் பின்னாலிருந்தும் கடக் முடக் என்று சத்தம் வந்தது. முறுக்குக்கு அன்றோடு தடை.)

இந்த நாடகத்தில் பிராம்ப்டருக்கு என்று தனியாக ஒரு பொறி வைத்திருக்கிறார் கில்பர்ட். மேஜர்-ஜெனரலின் பாட்டு. மூச்சு விடாமல் பொரிந்து தள்ளும் பாட்டு; படையைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர் அடுக்குவார். ஒவ்வொரு சரணத்திலும் ஓர் இடத்தில் எதுகைக்குச் சொல் கிடைக்காமல் தவிப்பது போல் பாட்டையே நிறுத்துவார். இசைக்குழுவும் காத்திருக்கும். பிறகு சொல் அகப்பட்ட மகிழ்ச்சியில் பாய்வார். அதாவது, மறந்தது போல் நடிப்பது என்பது பிரதியிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் மேஜர்-ஜெனரல் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாழ்நாளெல்லாம், பதில் பேச முடியாமல் வாயைத் திறந்து கிடந்தவர்களிடம் பேசிப் பழகியவர். ஐந்து மாதம் பார்த்ததில் அவருடைய தவிப்பு எனக்கு மனப்பாடம்: நான்கு வினாடி, இடது கையால் மீசை நுனியை முறுக்குவார், கண் மேலே போகும்.

சனிக்கிழமை பகல் காட்சி. முதல் சரணம். நிறுத்தினார். மீசையை முறுக்கினார். அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. நான்கு வினாடி ஆயிற்று. ஐந்து. கை மீசையிலிருந்து நழுவிக் கத்தியின் பிடிக்கு இறங்கியது. குதிகாலைப் பார்த்தேன். எழும்பியிருந்தது. இசை நடத்துநர் கோலை உயர்த்தியபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அரங்கில் இது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் எல்லோரும், இந்த மனிதர் எவ்வளவு நேரம் இழுக்கிறார் பார் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

தேவைப்பட்ட சொல், செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கம். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் பார்த்த 'கர்ணம்'தான் எனக்கு முதலில் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பிரதியில் விரல் வைத்து, "ஹைபாட்டன்யூஸ்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நம்பவில்லை. மேடையின் ஓரத்துக்கு நடந்து வந்தார். காதருகே கையைக் குவித்து என் பக்கம் குனிந்தார். இன்னொரு முறை சொன்னேன். நிமிர்ந்து, காலோடு கால் இடித்து, எனக்கு ஒரு ராணுவ சல்யூட் வைத்தார். திரும்பி நடுமேடைக்கு நடந்து, நடத்துநரிடம் தலையசைத்து, அந்தச் சொல்லைப் பாடினார். கைதட்டலில் அடுத்த இரண்டு வரி யாருக்கும் கேட்கவில்லை. ஆறு காட்சிகளில் அவ்வளவு பெரிய சிரிப்பு வேறு எந்த இடத்திலும் வரவில்லை.

பகல் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் நடுவே ஒப்பனை அறையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது இயக்குநர் ஓடி வந்தார். "இரவும் அதையே செய்துவிடுங்கள். ஓரத்துக்கு வருவது, காது, சல்யூட், எல்லாம் அப்படியே." பல் மருத்துவர் உற்சாகமாகத் தலையாட்டினார். நான் பிரதியை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: ஓரத்துக்கு வருவார்; இருமுறை சொல்; சல்யூட்.

இரவு அவர் குறித்த வினாடியில் வந்தார். குறித்த இடத்தில் குனிந்தார். நான் சொன்னேன், இருமுறை. சல்யூட் பகலைவிட அழகாகவே இருந்தது. நான்காவது வரிசையில் ஒருவர் இருமினார். வேறெந்தச் சத்தமும் இல்லை.

ரூத் எனக்குப் பின்னால் தன் அடுத்த நுழைவுக்காக நின்றுகொண்டிருந்தார். என் தோளைத் தட்டி, ஒன்றும் சொல்லாமல், மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.